சிதறு தேங்காயும் சீசாச் செடியும்

கோயில் வாசலில் சிதறு தேங்காய் உடைப்பவர்களைக் கேட்டால், தோஷம் போகும், பிள்ளை பிறக்கும், உத்தியோகம் கிடைக்கும் என்கிறார்கள். சில்லுகளையாவது ஏழைப் பிள்ளைகள் பொறுக்கிக் கொள்ளுகிறார்கள். தண்ணீர் மண்ணுக்குப் போகிறது. கொப்பரைக் களங்களிலும் பருப்புக்குத்தான் மதிப்பு. தண்ணீரைத் தரையில் கொட்டுவதுதான் வெகுநாள் வழக்கம்.

இந்தத் தண்ணீரைக் கொண்டு மனிதனுடைய அறிவு என்ன செய்தது? 1941ல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஊமத்தைச் செடியின் மிகச் சிறிய கருக்களை எடுத்து, தேங்காய்த் தண்ணீர் சேர்த்த உணவில் வளர்த்தார்கள். (சிவனுக்குச் சூட்டுகிறார்களே, அந்த ஊமத்தை ஜாதிதான்!) 1958ல் கார்னெல் சர்வகலாசாலையில் ஸ்டூவர்ட் என்பவர் காரட் கிழங்கின் அணுக்களைத் தேங்காய்த் தண்ணீர் கலந்த திரவத்தில் வளர்த்து, அவற்றிலிருந்து முழுச் செடியையே உண்டாக்கிக் காட்டினார். இதில் வரமுமில்லை, மந்திரமுமில்லை. காய்க்குள் முளைக்கருவை வளர்க்க இருக்கிற உணவே அந்தத் தண்ணீர். அதில் சர்க்கரையும், அணுக்களைப் பிரிந்து பெருகச் செய்யும் சத்துக்களும் இருக்கின்றன.

உடனே புராணிகர், "இது எங்களிடம் அன்றே உண்டு" என்பார். சும்மா சொல்லவில்லை. 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே ஒரு துணைவேந்தர், கௌரவர் நூறு பேரும் இந்த மாதிரி வித்தையால் பிறந்தவர்களே என்று பேசினார். காந்தாரியின் பிண்டத்தை நெய்க் குடத்தில் போட்டார்களாம். நாம் கேட்பது ஒன்றுதான்: நெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, மறுபடி ஒரு குடத்தில் செய்து காட்டியவர் யார்? காரட் வித்தையையோ இன்று கல்லூரி மாணவன் செய்து பார்க்கிறான்.

இப்போது விஷயம் தேங்காயோடு நிற்கவில்லை. இருட்டுச் சீசாவில் வளரும் அணு வெயிலைக் கொண்டு தன் உணவைச் செய்து கொள்ளாது. சர்க்கரை கொடுக்க வேண்டும். மீந்த சோற்றின் மாவுச் சத்தை நொதிகளால் சர்க்கரையாக்கலாம். அதை 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்காவிட்டால் பூஞ்சைதான் முதலில் பந்தியில் உட்காரும். குப்பையின் சத்து தினமும் ஒரே அளவாயிராது என்பதும் பெருந்தொல்லை. ஆனாலும் பலன் சாமானியமானதல்ல. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்ளிடாக்சல் என்ற மருந்துக்காக ஒரு காலத்தில் அமெரிக்காவின் யூ மரங்களைப் பட்டை உரித்துச் சாகடித்தார்கள். இன்று யூ மரத்தின் அணுக்களைத் தொட்டிகளில் வளர்த்தும் அம்மருந்தை எடுக்கிறார்கள். தொட்டிக்குத் தீனி மலிந்தால் மருந்தும் மலிய வழியுண்டு.

2022ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டிருக்கிறது. தின்னத் தகுந்தது பசித்தவன் வயிற்றுக்கே போக வேண்டும், சீசாவுக்கல்ல. இதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. நாம் பேசுவது தோலும், கழிவும், கொட்டிய தண்ணீரும். எச்சில், தீட்டு என்று மூக்கைப் பிடிக்கிறவர்களுக்குச் சொல்லுகிறோம்: அந்த இலையில் எந்த ஜாதிக்காரன் சாப்பிட்டான் என்று அணு விசாரிப்பதில்லை.

நமது ஊர்க் கல்லூரியின் தாவர சாஸ்திர வகுப்பார், அர்ச்சனைத் தேங்காயின் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டால், தர்மகர்த்தாக்கள் கொடுப்பார்களா? இந்த ஆடி மாதத்திலேயே ஒருவர் கேட்டுத்தான் பார்க்கட்டுமே!