ஒரு நகரின் கோப்புகள் மூன்று ஊர்களில்

கரூரின் நிர்வாக வரலாற்றை எழுத முனைகிறவர் முதலில் பேருந்து நேரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1910 வரை கரூர் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு திருச்சியோடு சேர்ந்தது. 1995இல்தான் தனி மாவட்டமானது. பழைய கோப்புகளைத் தேடி அவர் கோவைக்கும் திருச்சிக்கும், கடைசியில் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் அலைய நேரும். நிர்வாக வசதிக்காக எல்லைகள் மாறுவது இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரலாறு எழுதுகிறவர்களும் அந்த எல்லைகளுக்குள்ளேயே கூடிக் கலைகிறார்களே, அதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நொய்யலைப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் கலக்கிறது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழியைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் வெளிவந்தன. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை ரோமானியக் காசுகளைக் கொடுத்தது. காலத்தால் வேறுபட்டாலும், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே போன வழித்தடத்தோடு மூன்றுமே தொடர்புடையவை. இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு இன்று நிலையான ஏற்பாடு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

மாநில அளவில் அமைப்புகள் இல்லாமல் இல்லை. தஞ்சையிலிருந்து இயங்கும் தமிழகத் தொல்லியல் கழகம் ‘ஆவணம்’ இதழின் வழியாகப் புதிய கல்வெட்டுகளை ஆண்டுதோறும் பதிவுசெய்கிறது. தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை ஆய்வாளர்களைக் கூட்டுகிறது. அவற்றின் பணி பெரியது. ஆனால், ஒரு சிற்றூரின் ஏரி மதகைப் பற்றியோ நகராட்சியின் முதல் குடிநீர்க் குழாயைப் பற்றியோ விரிவாகப் பேசவும், பக்கத்து ஊர்க்காரர் எழுந்து “எங்கள் ஊரிலும் அப்படித்தான்” என்று தொடரவும் வட்டார அரங்கே பொருத்தம்.

ஊர் வரலாறு தேடும் ஆர்வலர்களோடு ஒரே அரங்கில் உட்காரக் கல்வித்துறையினருக்கு ஒரு தயக்கம் உண்டு, அது நியாயமானதே. ஆர்வலர்களில் சிலர் கல்வெட்டில் மாவு பூசிப் படமெடுக்கிறார்கள். தலபுராணத்தையும் சாசனத்தையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். ஊர் வரலாறு சில சமயம் சாதிப் பெருமையாக முடிந்துவிடுகிறது. ஆர்வலர்களின் ஆதங்கமும் பொய்யல்ல. வெயிலில் அலைந்து நடுகல்லைக் கண்டவர் பெயர், அது கட்டுரையாகும்போது அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. கீழடியை 1970களிலேயே தொல்லியல் துறையின் கவனத்துக்குக் கொண்டுசென்றவர் ஓர் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர். முறையான அகழாய்வு தொடங்கியது 2015இல்தான். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். ஆசிரியரும் ஆய்வாளரும் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் பழக்கம் இருந்தால் இத்தகைய இடைவெளி குறையும் என்று நம்ப இடமிருக்கிறது.

உள்ளாட்சி அலுவலர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். பழைய தீர்மானப் பதிவேட்டை வெளியாளிடம் கொடுத்து ஒரு தாள் காணாமல் போனால் பதில் சொல்லப்போவது எழுத்தர்தான். அவர் மறுப்பதை அலட்சியம் என்று எழுதிவிடுவது எளிது. பதிவறையிலேயே, அவர் முன்னிலையில் படமெடுத்து, ஒரு படியை நகராட்சிக்கே கொடுத்துவிடுவது என்ற ஒழுங்கு வந்தால் இரு பக்கமும் நிம்மதி. கோவை நகராட்சி தொடங்கியது 1866இல், கரூர் 1874இல். அத்தனை ஆண்டுத் தாள்களில் கரையானுக்குத் தப்பியவை எவை என்று அறிந்துகொள்வதில் அலுவலகத்துக்கும் பயன் உண்டு. வாய்க்கால் புறம்போக்கு வழக்கொன்று வரும்போது அது தெரியும்.

ஊர் வரலாற்றைக் காக்கும் பொறுப்பைச் சட்டமாகவே ஆக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1919இலேயே ஒவ்வொரு நகருக்கும் ஊருக்கும் ஒரு வரலாற்றாளரை நியமிக்கச் சட்டம் செய்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆல்பனியில் மாநில நூலகம் எரிந்து லட்சக்கணக்கான நூல்களும் கையெழுத்துப் படிகளும் அழிந்திருந்தன. அந்தப் பதவியில் இருப்போர் பலருக்கு இன்றும் ஊதியமில்லை. வட்டாரக் கூட்டங்களே அவர்களுக்குப் பயிற்சிக் கூடம். சுமார் பன்னிரண்டாயிரம் ஊராட்சிகள் கொண்ட நம் மாநிலத்தில் நாளையே அப்படிப் பதவி உருவாக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆண்டுக்கொரு வட்டாரக் கூட்டத்திலிருந்து தொடங்கலாம், அதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

நகராட்சி ஒரு நாளைக்கு மண்டபம் தரட்டும். கல்லூரி வரலாற்றுத் துறை மசிப்படி எடுக்கக் கற்றுத்தரட்டும். ஆர்வலர்கள் களம் காட்டட்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை வருவாய்த்துறையினர் ஒருவர் விளக்கினால், பயத்தில் மறைக்கப்படும் காசுகள் சில வெளிவரலாம். கண்டவர் பெயரைக் கட்டுரையில் குறிப்பது, எந்தச் சாதிக்கும் தனி அமர்வு ஒதுக்காதது ஆகிய இரண்டையும் முதல் நாளே பேசி முடித்துவிடுவது நல்லது.

முதல் கூட்டம் கோவையிலா கரூரிலா என்ற போட்டி நிச்சயம் வரும். நொய்யல் பாயும் திசையிலேயே ஆண்டுக்கு ஓர் ஊராகப் போனால், நான்காம் ஆண்டு கரூர். மூத்த ஊர் என்பதால் கரூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.