உள்நோக்கம் இல்லையாம்!

ஒரு படைப்பில் சாதி தெரிகிறது என்று நாம் வாயைத் திறந்தால் போதும், பதில் தயாராக வந்துவிடுகிறது: “ஆசிரியருக்கு அப்படி எந்த உள்நோக்கமும் கிடையாது.” சரி, கிடையாது. அவருக்கே தெரியாமல் அவர் பேனாவுக்குள் உட்கார்ந்திருப்பது யார்? அதுதான் என் கேள்வி.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். கீழ்வெண்மணியை வைத்து எழுதப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கூலி நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். நாவலில் அந்தத் தீ எங்கிருந்து கிளம்புகிறது? கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறைவிலிருந்து! எம்.ஏ. வகுப்பில் இதை ‘ஃபிராய்டியப் பார்வை’ என்று நோட்ஸ் எடுத்தோம். கூலி நெல்லைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

நான் கேட்கிறேன்: ஆண்டைக்கு நனவிலி மனம் உண்டென்றால் ஆசிரியருக்கு மட்டும் இல்லையா? எரித்தவனுக்கு அவமானம், காயம், உள்மனம் எல்லாம் கொடுத்தாயிற்று. கொலைக்கு ஒருத்தனின் உடம்புக் கோளாறு காரணமாகிவிட்டால், சாதியும் நிலமும் சத்தமில்லாமல் நழுவிவிடுகின்றன. ஆண்டைக்கு வக்காலத்து வாங்கத்தான் அவர் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் வாய்மூடிக் கிடந்தபோது எழுதியவர் அவர். அதனால்தான் சொல்கிறேன், நல்ல மனசு மட்டும் போதாது.

1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. காரும் பெரும் நிலமும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று அந்தத் தீர்ப்பு வியந்தது. அதிலும் உள்நோக்கம் இல்லை என்பார்கள்.

இவ்வளவு தூரம் எதற்கு? எங்க அம்பத்தூர்ல வாடகைக்கு வீடு கேட்டுப் போய்ப் பாருங்கள். “சாதியெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க, கவிச்சி மட்டும் சமைக்கக் கூடாது” என்பார் வீட்டுக்காரர். பொய் சொல்லவில்லை, பாவம். நிஜமாகவே பார்ப்பதில்லை என்றுதான் நம்புகிறார். வீடு மட்டும் நமக்குக் கிடைக்காது.

“ஆசிரியருக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது? இப்படிப் போனால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரதியில் காட்ட முடியாத எதையும் நான் சொல்லக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்கு மனசு தரப்பட்டது, காரணம் எங்கே வைக்கப்பட்டது என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. அதைப் படிக்க ஆசிரியரின் கனவுக்குள் நுழைய வேண்டியதில்லை.

‘நனவிலி நோக்கம்’ என்பதுகூடக் கொஞ்சம் மரியாதையான பெயர்தான். ஃபிராய்டின் நனவிலியில் ஆளாளுக்கு ஒரு காயம். இங்கே இருப்பது ஊருக்கே பொது. அதன் பெயர் சாதி.

ஆகவே நண்பர்களே, உள்நோக்கம் இல்லை என்று இனி சமாதானம் சொல்லாதீர்கள். எங்கள் புகாரே அதுதான். நோக்கத்தோடு எழுதியிருந்தால் அந்த ஒருத்தரோடு சண்டை போட்டு முடித்திருப்போமே!