எழுந்து நடக்காத அற்புதம்

காட்பாடிப் பக்கம் போகும் ரயிலுக்காக ஜோலார்பேட்டை சந்திப்பில் காத்திருப்பவர்களில் சிலரை ஊர்க்காரர்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஸ்கேன் படங்கள் அடைத்த பெரிய உறை, மருந்துச் சீட்டுகள் திணித்த மஞ்சள் பை, இரண்டு வேளைக்குக் கட்டிய சாப்பாடு. சுமார் 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் என்று வண்டி நிற்க நிற்க, அதே மாதிரி உறைகளோடு இன்னும் சிலர் ஏறுவார்கள். ஒருவர் சட்டைப் பையில் வேளாங்கண்ணி மாதா படம், இன்னொருவர் மணிக்கட்டில் தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு, வேறொருவரிடம் திருநீற்றுப் பொட்டலம். டாக்டரைப் பார்க்கக் கிளம்புகிறவர் சாமியை வேண்டிக்கொண்டு கிளம்புவதில் தப்பு காண்பவர் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் அநேகமாக யாரும் இல்லை.

சிக்கல் அந்த வேண்டுதலில் இல்லை. வேண்டுதலுக்கு எது பதில் என்று மற்றவர்கள் தீர்மானிப்பதில் இருக்கிறது. சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டிகளில் பதில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும்: முடவர் எழுந்து நடப்பார். எழுந்து நடந்தவர் மேடைக்குப் போய் சாட்சி சொல்வார். எழாதவர்? அவருக்கு விசுவாசம் போதவில்லை என்ற முணுமுணுப்போடு வீட்டுக்கு அனுப்பப்படுவார். முதுகெலும்பு உடைந்தவரின் தலையில் குற்றவுணர்வையும் ஏற்றிவைக்கும் காரியம் இது. மந்திரம், தாயத்து போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை இந்தியச் சட்டம் 1954-லேயே தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பக்கவாதமும் உண்டு, தொழுநோயும் உண்டு. சுவரொட்டிகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அதே 1954-ன் ஜனவரி 30 அன்று, வேலூரின் இளம் டாக்டர்கள் சிலர் வேனில் வெளியூர் கிளம்பினார்கள். வழியில் வண்டி விபத்துக்குள்ளானது. அதில் இருந்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். கேரளத்தின் செராயியில் 1925-ல் பிறந்து, சிஎம்சியில் படித்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று கனவு கண்டவர். வயது 28. முதுகுத்தண்டு அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. முகத்திலும் ஆழமான தழும்பு விழுந்தது.

அவர் ஜெபிக்கிற குடும்பத்தில் வளர்ந்தவர். படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் என்ன கேட்டிருப்பார் என்பதை ஊகிக்க ஞானம் தேவையில்லை. நடக்க வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார். அது கிடைக்கவில்லை. 1986-ல் இறக்கும் வரை கிடைக்கவேயில்லை.

ஒரு சுகமளிக்கும் கூட்டத்தின் கணக்கில் பார்த்தால் இது தோற்றுப்போன ஜெபம். வேலூரின் கணக்கு வேறு. அப்போது சிஎம்சியில் எலும்பு மற்றும் கை அறுவை நிபுணராக இருந்த பால் பிராண்ட், கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். அப்பாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர், 1946-ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் வேலையில் இறங்கியிருந்தார். கை அறுவை சிகிச்சை உட்கார்ந்து செய்யக்கூடியது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேரி வர்கீஸ் அறுவை அரங்குக்குள் நாற்காலியோடு நுழைந்தார்.

அந்த வேலையின் தன்மையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொழுநோய்க் கிருமி முழங்கையை ஒட்டி ஓடும் நரம்பைத் தாக்கினால், உள்ளங்கையின் சிறு தசைகள் செத்துவிடும். விரல்கள் கொக்கிபோல் உள்ளே மடங்கிக்கொள்ளும். சோற்றைப் பிசையவும் முடியாது, குவளையைப் பிடிக்கவும் முடியாது. முன்கையில் இன்னும் நன்றாக இருக்கும் தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, வழிமாற்றி விரல்களில் கொண்டுபோய்த் தைப்பதுதான் சிகிச்சை. தைத்தவுடன் விரல் வேலை செய்துவிடாது. வேறு காரியத்துக்குப் பழகிய தசை, விரலை நிமிர்த்தப் புதிதாகக் கற்க வேண்டும். வாரக்கணக்கில் பிசியோதெரபி வேண்டும். செத்த தசையை உயிர்ப்பிப்பதாக இங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மிச்சமிருக்கும் பலத்தைப் பலவீனம் இருக்கும் இடத்துக்கு இழுத்துச் சென்றார்கள், அவ்வளவுதான். ஊரால் ஒதுக்கப்பட்ட ஒருவரின் விரலை, கால் வராத ஒரு டாக்டர் நிமிர்த்திக் கொடுக்கும்போது அந்த நோயாளிக்கு என்ன தோன்றியிருக்கும்?

மேரி வர்கீஸ் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில், இந்தத் துறையின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் படித்தார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் உள்ளேயே தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய மையம் இந்தியாவுக்கு அதுவே முதல். 1972-ல் பத்மஸ்ரீ.

பாகாயத்துக்கு வருபவர்கள் யார்? தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார், நெடுஞ்சாலையில் லாரி இடித்த பைக்காரர். வந்த அன்று அவர்களும் குடும்பமும் கேட்பது ஒரே கேள்வி: எப்போது நடப்பார்? பலருக்கு உண்மையான பதில், நடக்கமாட்டார். அதைச் சொல்லிவிட்டு அந்த மையம் வேறு சில விஷயங்களைக் கற்றுக்கொடுக்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கைபலத்தில் மாறுவது எப்படி, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் பயன்படுத்துவது எப்படி, படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி உடம்பைத் தூக்கி அமர்த்துவது எப்படி. இவை பிரசங்கத்துக்கு ஏற்ற விஷயங்களாகத் தோன்றாது. ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டவரைக் கொல்வது பெரும்பாலும் முடக்கம் அல்ல, சிறுநீரகத் தொற்றும் படுக்கைப்புண்ணும்தான் என்பதை நினைத்தால், குழாயைக் கழுவக் கற்றுக்கொடுப்பவரும் உயிர் காப்பவரே.

இதற்கெல்லாம் இறையியல் ஆதாரம் கேட்பவர்களுக்குப் பைபிளில் வரும் பவுலைக் காட்டலாம். கூடாரத் தொழில் செய்தவர். அது தோல் வேலைதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு, அந்த வகையில் ஆம்பூர்க்காரர்களுக்குத் தூரத்துச் சொந்தம். கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், உடலில் தைத்த முள்போன்ற ஒரு வேதனையை எடுத்துவிடும்படி மூன்று தடவை கேட்டதாகச் சொல்கிறார். முள் எடுக்கப்படவில்லை. பலவீனத்தோடேயே காரியம் ஆகும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். மேடையில் ஊன்றுகோலைத் தூக்கி எறியச் சொல்பவர்களும் இந்த அதிகாரத்தைப் படித்திருப்பார்கள். எந்த வரியில் தாண்டிப் போனார்கள் என்றுதான் தெரியவில்லை.

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி இருக்கிறது. கடவுள் இல்லாமலும் இந்தப் பலம் வருமே? வரும். அதற்கும் இதே வேலூரில் சாட்சி உண்டு. பெரியார் 94 வயதில், சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்தப்பட்ட உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டம். டிசம்பர் 24 அன்று இறந்தது சிஎம்சியில். கடவுளை மறுத்தவருக்கு, ஜெபத்தோடு வேலை தொடங்கும் ஆஸ்பத்திரி கடைசி வரை வைத்தியம் பார்த்தது. அவரும் அங்கே படுக்கத் தயங்கவில்லை. அவருடைய பலத்துக்கு ஊற்று வேறு. மேரி வர்கீஸோ தன்னுடையது கடவுளிடமிருந்து வந்தது என்று நம்பினார். இரண்டில் எது மெய் என்று ஒரு செய்தித்தாள் கட்டுரை தீர்ப்புச் சொல்ல முடியாது. நம்பிக்கை என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்பதை மட்டும் அளக்கலாம்.

செய்யாமல் விட்டதற்கு உதாரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. தர்காவின் அருளால் குணமாகும் என்று குடும்பங்கள் கொண்டுவந்து விட்டிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு வந்த நம்பிக்கையில் குற்றமில்லை. அந்த நம்பிக்கையை வைத்துக் கொட்டகை போட்டுக் காசு பார்த்தவர்களும், சங்கிலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நிர்வாகமும்தான் குற்றவாளிகள். பின்னால் அதே ஏர்வாடியில் துவாவோடு மருந்தும் என்ற திட்டம் வந்தது; தர்காவுக்கு வருகிறவருக்கு அங்கேயே மனநல மருத்துவரும் கிடைக்கிறார். இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு 28 உயிர் விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

வேலூர்ப் பக்கத்தில் அந்த இணைப்பு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனதே, ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்த வீடுகளில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்ததைப் பார்த்துத்தான். அந்த மூன்று வீடுகளுக்காக அவர் வெறுமனே ஜெபித்துவிட்டு அமெரிக்கா திரும்பியிருக்கலாம். 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

அதே வட்டாரத்தில், கரிகிரியில் 1955-ல் வந்த தொழுநோய் மருத்துவமனையின் கதையும் அப்படித்தான். உணர்ச்சி இல்லாத காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. புண் புரையோடி விரல் போகும். அதற்கு விடையாக வந்தவற்றில் ஒன்று, மெத்தென்ற ரப்பர் பாதம் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதையே மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில், ஏற்றுமதி ஆகாத இந்தச் செருப்பைப் பற்றிப் பெருமை பேச ஆளில்லை என்பது வேறு கதை.

இந்தப் பரம்பரையை வைத்துக்கொண்டு இன்றைய நிலையைப் பார்த்தால் கோபம் வருகிறது. பாகாயத்தில் பயிற்சி முடித்து நாற்காலியில் ஊர் திரும்புகிறவர், அங்கே ஆண்டுதோறும் நடக்கும் மறுவாழ்வு மேளாவில் பழைய நோயாளிகளோடு கூடிக் களிக்கிறவர், தன் சொந்த ஊரில் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போக நினைத்தால் என்ன ஆகிறது? பெரும்பாலான இடங்களில் வாசலில் ஐந்தாறு படிகள். நான்கு பேர் மூட்டைபோல் தூக்கிப்போய் வைக்க வேண்டும். அல்லது வெளியே வெயிலில் இருந்தபடியே கும்பிட்டுக்கொள்ள வேண்டும். பலவீனருக்குக் கடவுள் பலம் தருவார் என்று உள்ளே ஒலிபெருக்கியில் சொல்வது வெளியே அவருக்கும் நன்றாகக் கேட்கும்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்கள் யாவும் அவர்கள் எளிதில் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. பொதுக் கட்டடம் என்பதற்கான விளக்கத்தில் சமயக் காரியங்களுக்கான கட்டடங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை மாற்றக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம் 2022 ஜூனில் முடிந்துபோனது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விஷயத்தில் வெறும் பரிந்துரைகள் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று கூறிவிட்டது. சட்டப் பேச்சு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கும்பாபிஷேகம், உரூஸ், சபை ஆண்டு விழா எது வந்தாலும் நன்கொடை கொடுக்க இந்த வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதிய டியூப் லைட்டுகளே சாட்சி. அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற அளவில் ஒரு சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறையும் கட்டலாம். பெயரை அதிலும் எழுதிக்கொள்ளட்டும். சுகமளிக்கும் கூட்டம் நடத்துகிறவர்களும் மைதானத்தில் முதல் வேலையாக இவ்விரண்டையும் போட்டுவிட்டு மேடை கட்டலாம். எழுந்து நடக்காமல் திரும்பப் போகிறவர்களும் அங்கே வருகிறார்கள் அல்லவா.