வென்றபோது பேச மறுத்தவர்கள்

இஸ்லாமியத் தீவிரவாதத்தை எதிர்கொள்வது எப்படி என்ற விவாதம் எழும்போதெல்லாம் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. ஆயுதம் ஏந்தியவனுக்கு ஆயுதத்தால்தான் பதில் சொல்லவேண்டும் என்கிறது ஒன்று. யுத்தம் தீவிரவாதத்தை வளர்க்குமே தவிர அழிக்காது, பேசித்தான் தீர்க்கவேண்டும் என்கிறது மற்றையது. இரு தரப்பாரும் தமக்குச் சாட்சியாக அழைப்பது ஆப்கானிஸ்தானைத்தான். அந்த நாட்டின் அண்மைக்கால வரலாற்றை நிதானமாகப் படித்தால், அது இருவருக்கும் எதிராகவே சாட்சி சொல்கிறது.

முதலில், இராஜதந்திரமே போதும் என்போருக்கு ஒரு கேள்வி. 1998 ஆகஸ்டில் கென்யாவிலும் தன்சானியாவிலும் அமெரிக்கத் தூதரகங்கள் குண்டுவைத்துத் தாக்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். அமெரிக்கா ஒரு நாள் ஏவுகணைகளை வீசியதோடு சரி. அதன் பின்னர் நம்பியிருந்தது தூதையும் தடையையும்தான். ஒசாமா பின்லேடனை ஒப்படைக்குமாறு கோரி 1999 ஒக்டோபரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1267 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. முல்லா ஒமார் அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தன. பின்னால் எந்தப் பலமும் இல்லாத வேண்டுகோளை யார் மதிப்பார்கள்?

அடுத்து, இராணுவமே போதும் என்போருக்கு. 2001 ஒக்டோபர் 7 ஆம் திகதி தொடங்கிய தாக்குதலில் தலிபான் ஆட்சி இரண்டே மாதங்களில் வீழ்ந்தது. டிசம்பர் முற்பகுதியில் கந்தஹாரைக் கையளித்துச் சரணடையத் தலிபான் தலைவர்கள் ஹமீத் கர்சாயுடன் பேசினார்கள். முல்லா ஒமார் கௌரவமாக வாழ இடமளிக்கும் எந்த ஏற்பாட்டையும் ஏற்கமுடியாது என அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்பெல்ட் மறுத்துவிட்டார். அதே நாட்களில் ஜேர்மனியின் பொன் நகரில் நடந்த மாநாட்டிலும் தலிபான்களுக்கு இடமிருக்கவில்லை. அது தவறு என்பதை அந்த மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதுவர் லக்தார் பிராஹிமி பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அன்று தலிபான்கள் வாக்கைக் காப்பாற்றியிருப்பார்களா என்று கேட்கலாம். உத்தரவாதம் இல்லைதான். ஆனால் தோற்றுப்போய் நிற்பவனிடம் விதிக்கக்கூடிய நிபந்தனையை, மீண்டும் எழுந்து நிற்பவனிடம் விதிக்கமுடியாது. துரத்தப்பட்டவர்கள் பாகிஸ்தான் எல்லையைக் கடந்து மீண்டும் அணிதிரண்டார்கள். 2011 அளவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் அமெரிக்கத் துருப்பினர் அங்கே நின்றும் அவர்களை ஒழிக்க முடியவில்லை. பின்லேடன் அகப்பட்டதோ அந்தப் போர்க்களத்தில் அல்ல. பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், ஒரு சிறு விசேட படையணியின் கையில்.

இறுதியில் பேச்சுவார்த்தை வந்தது. எப்போது? மூட்டை முடிச்சுகளைக் கட்டத் தொடங்கிய பின்னர். 2020 பெப்ரவரி 29 ஆம் திகதி டோஹாவில் கைச்சாத்தான உடன்படிக்கையில் ஆப்கான் அரசாங்கம் ஒரு தரப்பே அல்ல. 2014 இலிருந்து தமது படையினரில் 45,000 பேருக்கு மேல் மாண்டதாக 2019 இல் ஜனாதிபதி அஷ்ரப் கானி கூறியிருந்தார். அத்தனை பேரைப் பலிகொடுத்தவர்களுக்கு மேசையில் ஒரு நாற்காலி இல்லை. ஆயினும் 5,000 தலிபான் கைதிகள்வரை அவர்களே விடுவிக்கவேண்டும் என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் இராஜதந்திரமா? 2021 ஆகஸ்ட் 15 இல் காபூல் வீழ்ந்தது. அல்கொய்தாவுக்கு இடமளிக்கமாட்டோம் என்ற உறுதிமொழி என்னவாயிற்று என்பதை, 2022 ஜூலை 31 இல் அதன் தலைவர் அய்மன் அல் சவாஹிரி காபூல் வீடொன்றில் வைத்தே கொல்லப்பட்டபோது உலகம் கண்டது.

ஆகவே, போரா பேச்சா என்பதல்ல கேள்வி. எப்போது பேசுவது, யாரை வைத்துக்கொண்டு பேசுவது என்பதே கேள்வி. பலம் இருந்தபோது ஆணவம் பேச்சைத் தடுத்தது. பலம் தளர்ந்தபோது அவசரம் பேச்சைச் சரணாகதியாக்கியது. இரண்டு தவறுகளையும் செய்தவர்கள் விமானமேறிப் போய்விட்டார்கள். 2021 இல் மேல்வகுப்புகளின் கதவும் 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் கதவும் சாத்தப்பட்டது ஆப்கான் பெண்பிள்ளைகளுக்கு. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்று பேசுகிறவரும் முதலில் பதில் சொல்லவேண்டியது அவர்களுக்குத்தான்.