பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கள்ள மரக்கால்

கள்ள மரக்கால் என்றால் என்னவென்று தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி நெல் அளக்கும்போது இன்னொரு மரக்கால்! இந்த அக்கிரமத்தை எதிர்த்துத்தான் 1940-களில் நம் தோழர்கள் செங்கொடியின் கீழ் திரண்டு, முத்திரை மரக்கால் கேட்டுப் போராடினார்கள். அந்தக் கள்ள மரக்கால் இன்று ஐரோப்பிய யூனியனின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் சட்டமாகவே உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் இதுதான். பெட்ரோல், டீசல் புகை பூமியைச் சூடாக்குகிறது. ஆகவே போக்குவரத்துக்குச் செலவாகும் சக்தியில் ஒரு பகுதியைக் காற்று, வெயில், நீர் போன்ற வற்றாத மூலங்களிலிருந்து பெற வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் இலக்கு வைத்தது. 2020-க்குள் 10 சதவீதம் என்றது 2009-ம் ஆண்டுச் சட்டம். 2030-க்குள் 14 சதவீதம் என்றது 2018-ம் ஆண்டுச் சட்டம். 2023-ல் அது 29 சதவீதமாக உயர்ந்தது. அல்லது கரிவாயுவின் செறிவை 14.5 சதவீதம் குறைத்தாலும் போதும் என்றார்கள்.

நல்ல இலக்குதான். அதை அளக்கும் மரக்காலைப் பாருங்கள்! காற்றாலை மின்சாரம் 5 படி சாலை வண்டிக்குப் போனால், ஏட்டில் 20 படி என்று எழுதிக்கொள்ளலாம். அதாவது நாலு மடங்கு. அதே 5 படி ரயிலுக்குப் போனால் ஏழரை படிதான். அதாவது ஒன்றரை மடங்கு. ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸுக்கும், ஒற்றை ஆள் ஏறும் சொகுசுக் காருக்கும் ஒரே நாலு மடங்கு!

"பெட்ரோல் இஞ்சின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது, மின்மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. அதனால்தான் இந்தச் சலுகை" என்கிறார்கள் நிபுணர்கள். உண்மை. ஆனால் ரயிலை இழுப்பதும் மின்மோட்டார்தானே? அதற்கு மட்டும் ஏன் ஒன்றரை? "ரயில் ஏற்கெனவே மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்கு ஊக்கம் தேவையில்லை" என்பது பதில். பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது! ஊக்கம் வேண்டியது புது வண்டி விற்பனைக்கு. லாபம் கார் முதலாளிக்கு.

பாரம் யார் தலையில்? பிரான்ஸில் சுற்றுச்சூழலின் பேரால் டீசல், பெட்ரோல் வரியை ஏற்றினார்கள். வேலைக்குப் போகப் பழைய காரைத் தவிர வேறு வழியில்லாத உழைப்பாளிகள் 2018 நவம்பரில் மஞ்சள் சட்டை அணிந்து தெருவுக்கு வந்தார்கள். 2019-ல் வரவிருந்த வரி உயர்வைச் சர்க்கார் கைவிட வேண்டியதாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2030-ல் விற்கும் வண்டிகளில் 30 சதவீதம் மின்வண்டி என்பது டில்லி சர்க்காரின் இலக்கு. இங்கும் விற்ற வண்டியை எண்ணுகிறார்கள்; ஏறிய மனிதரை எண்ணவில்லை! அந்த வண்டிக்கு ஏற்றும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. கோடி ரூபாய் மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மில் தொழிலாளி தவணையில் வாங்கும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, 2025 செப்டம்பரில் குறைத்த பிறகும் 18 சதவீதம்!

மின்பஸ் வருகிறதே என்று கேட்கலாம். வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் யாருடைய பஸ்? 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பஸ்கள் கிளம்பின. பஸ் கம்பெனிக்குச் சொந்தம். டிரைவர் கம்பெனி ஆள். கண்டக்டர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கட்ட வேண்டும். டிக்கெட் வசூல் குறைந்தால் நஷ்டம் பொதுப்பணத்துக்கு. கம்பெனியின் கிலோமீட்டர் கணக்குக்குக் குறைவில்லை.

நாம் மின்சார வண்டிக்கு விரோதிகளா? இல்லவே இல்லை! 1931-லேயே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சிக்கனச் சீட்டு எடுத்து ஏறிய உழைப்பாளிகளை அது தலைமுறை தலைமுறையாகச் சுமந்திருக்கிறது. இன்று இந்திய ரயில்வேயின் அகலப் பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டது. இதைச் செய்தது பொதுத்துறை!

ஆகவே நாம் கேட்கிறோம்: இலக்கை வண்டிக் கணக்கில் அளக்காதே, பயணிக் கணக்கில் அள! மானியத்தை முதலில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கொடு! மின்பஸ்ஸைப் போக்குவரத்துக் கழகமே வாங்கி, நிரந்தரத் தொழிலாளியைக் கொண்டு ஓட்டட்டும்! ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வெளியே வரும் மில் தொழிலாளிக்கும், விடியுமுன் நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் பஸ் வரட்டும்!

மிராசுதாரிடம் முத்திரை மரக்கால் கேட்ட வர்க்கம் நாம். சர்க்காரிடமும் அதையே கேட்போம்!