கத்தரி உங்கள் கையில்!



கோடை விடுமுறைக்கு என் பேரன் திருவொற்றியூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஏழாம் வகுப்பு முடித்தவன். இரண்டு நாள் மொட்டை மாடிப் படிக்கட்டிலேயே செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ வரேன் தாத்தா" என்பான், வரமாட்டான். மூன்றாம் நாள் சிரித்த முகத்தோடு வந்து, "தாத்தா, நான் ஒரு சீரியல் பண்ணியிருக்கேன், பாரேன்" என்றான்.

2010-ல் வெளிவந்த 'எந்திரன்' படம் உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடும். அதை வெட்டி, ஒட்டி, பகுதிக்கு 15 நிமிடம் வீதம் ஆறு பகுதிகளாக்கி இருந்தான். தொலைக்காட்சித் தொடர் மாதிரியே ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு தலைப்பு. கடைசியில் 'தொடரும்' என்று எழுத்து வேறு! முதல் பகுதியின் தொடக்கத்தில் 'இயக்கம்' என்று போட்டு, கீழே அவன் பெயர்!

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பாராட்டினேன். வேலை அவ்வளவு சுத்தம்.

பக்கத்தில் அவனுடைய தங்கை உட்கார்ந்து ஆறு பகுதிகளையும் பார்த்தாள். அவள் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. முடிந்ததும், "சிட்டி ரொம்பக் கெட்டவன், இல்லையா தாத்தா?" என்று கேட்டாள்.

பேரன் திகைத்துப் போனான். "அய்யோ, அவன் நல்லவன்தான்!" என்றான்.

"அப்புறம் ஏன் எல்லாரையும் அடிக்கிறான்?"

பதில் இல்லை. ஏன் தெரியுமா? பதில் சொல்லும் காட்சிகளை எல்லாம் 'போர்' என்று அவன் வெட்டி எறிந்துவிட்டான். தீ விபத்தில் சிட்டி மக்களைக் காப்பாற்றப் போவதும், மனித உணர்ச்சி புரியாததால் அங்கே நடக்கும் தவறும் இல்லை. நீதிமன்றக் காட்சி இல்லை. சிட்டி தன் உடம்பைத் தானே கழற்றி வைப்பது இல்லை. 2030-ல் அருங்காட்சியகத்தில் ஒரு சிறுமி கேள்வி கேட்பதும் இல்லை. இருந்ததெல்லாம் சண்டையும் ஓட்டமும்தான். படத்தில் பிடித்ததை எல்லாம் வைத்துக் கொண்டான். கதை கையை விட்டுப் போய்விட்டது!

இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

ஒருவர் எடுத்த படத்தை ரசிகர் ஒருவர் தன் விருப்பப்படி மறுபடி தொகுப்பது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அதிலும் அறிவியல் புனைகதைப் படங்கள் என்றால் ரசிகர்களுக்குக் கை துறுதுறுக்கும். 1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படம் ஒன்றை, அமெரிக்காவில் மைக் நிக்கோல்ஸ் என்ற படத்தொகுப்பாளர் சுமார் 18 நிமிடங்கள் குறைத்துத் தன் கருத்துப்படி தொகுத்தார். அது கைக்குக் கை மாறிப் பெரிய பேச்சானது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதே வேலையில் இறங்கினார்கள். சிலர் நீளமான படங்களைச் சுருக்கினார்கள். சிலர் பல பகுதித் தொடராகப் பிரித்தார்கள்.

இது நல்லதா, கெட்டதா?

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வெட்டி ஒட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் ஒரு கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளை மாதிரி! எங்கே நிறுத்தினால் அடுத்த பகுதிக்கு மனம் தவிக்கும், எங்கே நிறுத்தினால் தூக்கம் வரும் என்பது கையால் செய்தால்தான் புரியும்.

நம் ஊர்ப் படங்களுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதுதான் இடைவேளை! தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டர் இருந்தது. 1967-ல் திறந்து, 2020-ல் மூடப்பட்டது. அங்கே இடைவேளைக்கு விளக்கு எரியும்போது ஒருவரும் உடனே எழுந்திருக்க மாட்டார்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் முறுக்கு வாங்கப் போவார்கள். அந்தக் கேள்வியை எழுப்பும் இடத்தில் பார்த்து நிறுத்துவது ஒரு கலை. இரண்டாகப் பிரிப்பதற்கென்றே திட்டமிட்ட படத்தை ஆறாகப் பிரிக்க வேண்டுமானால், இன்னும் நான்கு நல்ல இடைவேளைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். எளிதா என்ன?

பத்திரிகைத் தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்தக் கலை கைவந்தது. எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. அதில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வரும். பிறகு அது தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அந்தக் கதை வாரம் ஒரு பகுதியாக வருவதற்கென்றே எழுதப்பட்டது. அதனால் பிரித்தாலும் உடையவில்லை. திரைப்படம் அப்படியல்ல, ஒரே மூச்சில் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டது.

காசிமேட்டில் மீன் வெட்டித் தருபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வஞ்சிரத்தை வட்ட வட்டமாகத் துண்டு போடுவார்கள். சங்கராவைச் செதில் நீக்கி, கீறல் போட்டு முழுதாகவே கொடுப்பார்கள். நெத்திலிக்குத் தலையைக் கிள்ளினால் போதும். எந்த மீனை எப்படி வெட்டுவது என்று தெரிந்தவர் கையில்தான் கத்தி அழகு. வஞ்சிரத்தை வெட்டுகிற மாதிரி நெத்திலியை வெட்டினால் குழம்பில் என்ன மிஞ்சும்? படமும் அப்படித்தான், குழந்தைகளே!

இனி கெட்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் ஓர் ஓவியம் வரைந்து வகுப்புச் சுவரில் மாட்டுகிறீர்கள். கடல், படகு, சூரியன். யாரோ ஒருவர் சூரியனை வெட்டி எடுத்துவிட்டு, உங்கள் பெயரை மட்டும் கீழே அப்படியே விட்டுவிடுகிறார். பார்ப்பவர்கள், "சூரியன் இல்லாமல் வரைந்திருக்கிறாயே!" என்று உங்களைத்தான் கேலி செய்வார்கள். வலிக்குமா, வலிக்காதா?

இது கற்பனையல்ல, நடந்திருக்கிறது. 1984-ல் டேவிட் லிஞ்ச் என்பவர் 'டூன்' என்ற அறிவியல் புனைகதைப் படத்தை இயக்கினார். 1988-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அதை அவரில்லாமலேயே நீட்டி, இரண்டு பாகமாகத் தொகுத்தார்கள். அதைத் தன் படம் என்று சொல்ல அவர் விரும்பவில்லை. தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். இயக்குநர் என்ற இடத்தில் ஒரு புனைபெயர்தான் வந்தது!

நம் தமிழ்நாட்டிலும் பாருங்கள். 2013-ல் வந்த இந்திப் படம் ஒன்று 'அம்பிகாபதி' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. தனுஷ் நடித்தது, சோகமான முடிவு. 2025 ஆகஸ்டில் அதை மறுபடி திரையிட்டபோது, செயற்கை நுண்ணறிவின் உதவியால் முடிவையே மகிழ்ச்சியாக மாற்றிவிட்டார்கள். இயக்குநரும் தனுஷும் வருத்தத்தோடு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படத்தின் உரிமை நிறுவனத்திடம் இருக்கலாம். ஆனால் அந்தச் சோகத்தை யோசித்து உருவாக்கியவர்கள் இவர்கள் அல்லவா?

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்று நடந்தது. 2015, 2017-ல் வந்த இரண்டு 'பாகுபலி' படங்களையும் சேர்த்து, ஒரே படமாக்கி வெளியிட்டார்கள். அங்கேயும் நிறைய காட்சிகள் வெட்டுப்பட்டன. ஆனால் இயக்குநர் ராஜமௌலியே முன்னின்று செய்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை. கத்தரி ஒன்றுதான், பிடித்திருக்கும் கை யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. கணக்குப் போடுங்கள் பார்ப்போம்! 'எந்திரன்' 2010. உரிமை 2070 டிசம்பர் வரை இருக்கும். அப்போது நீங்களே பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள்! வீட்டுக்குள் சொந்தமாகப் பார்த்துக் கொள்வதற்கு, படித்துத் தெரிந்து கொள்வதற்கு எல்லாம் சட்டம் கொஞ்சம் இடம் தருகிறது. ஊருக்கு எல்லாம் அனுப்பி, காசு பார்ப்பதற்கு இடம் தருவதில்லை. படைப்பைச் சிதைத்துப் படைத்தவரின் பெயரைக் கெடுத்தால், அதைத் தடுக்கும் உரிமையையும் 57-ஆம் பிரிவு படைத்தவருக்குத் தருகிறது.

நம் துறைமுகத்துக்கு வருகிற கண்டெய்னர்களின் கதவில் எண் போட்ட சீல் இருக்கும். உரியவர் முன்னால்தான் அதை உடைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசைப்பட்டு, சாலையில் போகிறவர் உடைக்கலாமா? படமும் ஒருவர் சீல் வைத்து அனுப்பிய பொருள்தான்.

"அப்படியானால் தொடவே கூடாதா தாத்தா?" என்று பேரன் முகத்தைத் தொங்கப் போட்டான்.

கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசையை அடக்கி வைத்து ஆசிரியர்கள் சாதித்தது எதுவும் இல்லை என்பது என் பல ஆண்டு அனுபவம். என் கருத்து இதுதான். வெட்டிப் பாருங்கள், கற்றுக் கொள்ளுங்கள். ஆனால் மூன்றை மறக்காதீர்கள்.

ஒன்று, முழுப் படத்தையும் பார்க்காதவரிடம் துண்டுகளைக் காட்டி, இதுதான் படம் என்று சொல்லாதீர்கள். இரண்டு, படைத்தவர்கள் பெயரை எடுக்காதீர்கள். அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். மூன்று, வீட்டைத் தாண்டி அனுப்பாதீர்கள். செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் ஊர் முழுக்கப் போய்விடும். திரும்பக் கூப்பிட்டால் வராது.

வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வியும் கேட்டுக் கொள்ளுங்கள்: 'இந்தக் காட்சி போனால் எந்தக் காட்சி புரியாமல் போகும்?' பதில் கிடைக்காவிட்டால் கத்தரியைக் கீழே வையுங்கள்.

பழகுவதற்குப் படம் வேண்டுமா? 1963-ல் வந்த 'கலை அரசி' இருக்கிறது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது, ஏ.காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து, பாட்டுக் கலை தெரிந்த பெண்ணைத் தூக்கிக் கொண்டு போகும் கதை! மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் கண்ட கனவு. அந்தப் படத்தின் 60 ஆண்டுகள் 2023-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டன. கதை, பாட்டு, இசை ஆகியவற்றின் உரிமைக் கணக்கு தனி. ஆகவே அதையும் வீட்டிலோ, ஆசிரியர் துணையோடு வகுப்பிலோ பிரித்துப் பார்த்துப் பழகுவதோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. கம்பர் வால்மீகியின் ஏட்டை வெட்டி ஒட்டவில்லை. கதையை உள்வாங்கி, தன் சொல்லில் புதிதாகப் பாடினார். நீங்களும் சொந்தக் கதை செய்யுங்களேன்! அறிவியல் கதைக்கு வேற்றுக் கிரகம் வரை போக வேண்டாம்; எண்ணூர் போதும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. அந்தக் கரிய குழம்பை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் பரவி, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. அந்த எண்ணெயை மட்டும் குடித்து, நண்டையும் இறாலையும் ஒன்றும் செய்யாமல் விடும் ஓர் இயந்திர நண்டு இருந்தால்? அதை ஒரு மீனவச் சிறுமி செய்தால்? அட்டையும் பழைய பொம்மை மோட்டாரும் இருந்தால் ஐந்து பகுதித் தொடர் தயார்! அதில் 'இயக்கம்' என்று தாராளமாக உங்கள் பெயரைப் போடலாம். யாரும் கேட்க முடியாது.

சரி, பேரன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா?

அன்று இரவே தங்கையை உட்கார வைத்து முழுப் படத்தையும் போட்டுக் காட்டினான். சிட்டி தன் கைகளைத் தானே கழற்றி வைக்கும்போது அந்தக் குட்டிப் பெண் அழுதுவிட்டாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவனுடைய தொடரில் ஏழாவதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தது. நீதிமன்றமும் அருங்காட்சியகமும் அதில் இருந்தன. முதல் பகுதியின் தலைப்பும் மாறியிருந்தது. 'இயக்கம்: ஷங்கர். படத்தொகுப்பு: ஆண்டனி' என்று பெரிதாக இருந்தது. அதன் கீழே, சின்ன எழுத்தில், 'வீட்டில் துண்டு போட்டவன்' என்று அவன் பெயர்!