‘சரியல்ல’ என்ற ஒரு சொல்

உத்தமபாளையத்திலோ போடியிலோ நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைக் கேட்டவர்களுக்கு இந்த நடை பழக்கமானது: ‘சம்பவத்தன்று நான் ஊரில் இல்லை என்றால் சரியல்ல.’ எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்வியும் சாட்சியின் மறுப்பும் ஒரே வரிக்குள் அடங்கிவிடும். கடைசி ‘அல்ல’ கைதவறி விடுபட்டால், ஊரில் இல்லை என்று சாட்சியே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நம் சுருக்கெழுத்துப் பயிற்சியோ வேகத்தின் பின்னால் ஓடுகிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆங்கில முதுநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 120 சொற்கள். அதற்காக ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப எழுதி, கையை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். புதுப் பத்தி வந்ததும் பேனா நின்றுவிடுகிறது.

1837-ல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறையில் மெய்யொலிகளே கோடுகள்; உயிரொலிகள் புள்ளியும் சிறு கோடுமாக ஓரத்தில் நிற்கும். வேகம் ஏறினால் முதலில் பலியாவது அவைதான். தமிழில் அது ஆபத்து. ஈற்றயல் உயிரை விட்டுவிட்டால் ‘வந்தான்’ ‘வந்தேன்’ ஆகலாம். வந்தவர் யார் என்பதுதானே பல வழக்குகளில் வழக்கே!

அமெரிக்காவில் பதிவுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஆக, கேள்வி-பதிலை நிமிடத்துக்கு 225 சொற்கள் வேகத்தில் 95 சதவீதம் பிழையின்றி எழுத வேண்டும். நம் விசாரணை நீதிமன்றங்களில் அந்த வேகத்துக்கு வேலையில்லை. சாட்சியம் பெரும்பாலும் கதைபோல் தொடர்நடையில்தான் பதிவாகிறது. சாட்சி சொன்னதை நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்ல, எழுதுபவர் எழுதுகிறார். அவருக்கு வேண்டியது தேர்ந்த காது. போடிப் பக்கம் ‘ஏலத்துக்கு முன்பணம் கொடுத்தேன்’ என்றால், அது ஏலக்காய்க்கா, ஏலம் கேட்பதற்கா? இடம் தெரியாத கை அங்கே தடுமாறும்.

காதைப் பழக்க ஒரு வழி உண்டு. பிழையில்லாமல் எழுத முடிகிற வேகத்தில் தொடங்கி, அங்கே நிலைத்த பிறகே பத்துச் சொல் கூட்ட வேண்டும். எழுதியதை மறுநாள் காலையில் சுருக்கெழுத்தைப் பார்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும். இரவோடு மறந்துபோகும் கோடுகள் பெரும்பாலும் அவசரத்தில் போட்ட கோடுகள். மாணவருக்கு இது சலிப்பூட்டும், ஆசிரியருக்கு அதைவிட.

குமுளி மலையைத் தாண்டினால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பேச்சிலிருந்து எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2025 நவம்பர் 1 முதல் பயன்படுத்தக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாளை இங்கும் வரலாம். வந்தாலும் கம்பத்துப் பேச்சைக் கேட்டு ‘அல்ல’ இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கும் இடம் இன்றைய பயிலகம்தான்.

தேர்வுத்தாளில் அச்சுநடைப் பத்தியோடு ஒரு குறுக்கு விசாரணைப் பகுதியையும் சேர்க்கட்டும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஊர்ப் பெயர், சர்வே எண், நான்கெல்லை, பத்து ‘சரியல்ல’ இருந்தால் போதும்.